மூடிமேல் உட்காரும் குழந்தை

போன சனிக்கிழமை மத்தியானம் மும்பை தாராவியில் ஒரு பெண் பிளாஸ்டிக் ட்ரம்மின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றார்.

சின்னப் பெண் இல்லை. நாற்பதைத் தாண்டியவர். விருதெல்லாம் வாங்கியவர். அன்றைய விழாவின் சிறப்பு விருந்தினரே அவர்தான். நல்ல காட்டன் புடவை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி... அந்தக் கோலத்தில் மேடைக்கு விறுவிறுவென்று வந்து, ஸ்டூலில் கால் வைத்து ஏறி, ட்ரம்மின் மூடிமேல் உட்கார்ந்துவிட்டார்.

குழந்தைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். 

முதலிலிருந்து சொல்கிறேன்.

குளோரியை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் அவரைப் பற்றி நான்தான் அளந்து தள்ளியிருந்தேன். படிக்காதவர்களுக்காக: குளோரி குழந்தைகளுக்குப் படக்கதைப் புத்தகங்கள் செய்கிறவர். கதையும் அவரே, படமும் அவரே. அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பிறந்து வளர்ந்தது தாராவி, இப்போது சான்பாடாவில் இருக்கிறார். லோக்கல் டிரெயினில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடும் காக்கா, குடையைத் தொலைத்துவிட்டு மழையோடு பேரம் பேசும் பையன், குர்லா ஸ்டேஷன் பிரிட்ஜில் வழி தவறிய ஆட்டுக்குட்டி... இப்படிப்பட்ட கதைகள். சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

ஆனால் எல்லாப் புத்தகத்திலும் ஏதாவது ஒரு பக்கத்தில் ஒரு நீல ட்ரம் இருக்கும். அதன் மூடிமேல் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருப்பாள். கதைக்கும் அவளுக்கும் சம்பந்தமே இருக்காது. காக்கா போகும், ஆட்டுக்குட்டி போகும், கல்யாண பேண்டு போகும். எல்லாரும் எங்கேயோ ஓடிக்கொண்டிருப்பார்கள். அவள் மட்டும் நகர மாட்டாள்.

என்னைப் போன்ற ஆளுக்கு இது போதாதா? தமிழில் எம்.ஏ. படித்தவள். ஒரே பொருள் மறுபடி மறுபடி படத்தில் வந்தால் அது குறியீடு என்று பாடம் படித்தவள். சும்மா விடுவேனா? அந்த ட்ரம் குழந்தைப் பருவத்தின் சிம்மாசனம் என்று எழுதினேன். பெரியவர்களின் உலகம் கீழே பதறி ஓடிக்கொண்டிருக்க, குழந்தை மட்டும் அசையாமல் ஆட்சி செய்கிறது என்று எழுதினேன். அவள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதில் ஒரு ராணித் தோரணை தெரிகிறது என்றும் எழுதினேன். கடைசியில் ஒரு கேள்வி வேறு — "குளோரி அவர்களே, அந்த மூடி என்றைக்குத் திறக்கும்?"

பத்தியை முடிக்க ஒரு நல்ல வரி கிடைத்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கும். அன்றைக்கும் இறங்கியது.

கடிதங்கள் வந்தன. விக்ரோலியிலிருந்து ஒரு ரிட்டயர்ட் ஆசிரியர், ட்ரம் என்பது தாயின் கருவறை என்றார். ஓர் இளைஞர், மூடி என்பது நம் கல்வி முறை என்றார். இன்னொரு வாசகி, உள்ளே இருப்பது கடல், அதனால்தான் நீல நிறம் என்றார். குளோரி மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் மாட்டுங்காவில் வளர்ந்தவள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு செம்பூர். எங்கள் வீடுகளில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். ட்ரம் என்றால் எனக்கு, பெயின்ட் அடிக்க வருகிறவர்கள் மாடிப்படியில் வைத்துவிட்டுப் போகிற சாமான்.

கடல் என்ற யோசனை வெங்கட் சாருக்குப் பிடித்துவிட்டது. வெங்கட் சார் எங்கள் மாட்டுங்கா வாசகர் வட்டத்தின் செயலாளர். ரயில்வே ஆபீசிலிருந்து ரிட்டயர் ஆனவர். சும்மா இருக்கத் தெரியாத நல்ல மனிதர். தாராவியில் ஒரு சர்ச் ஹாலைக் கேட்டு வாங்கி, அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் குளோரியின் புத்தகங்களை வாசித்துக் காட்டலாம் என்று ஏற்பாடு செய்திருந்தார். மேடையில் நிஜமாகவே ஒரு நீல ட்ரம் வைத்தால் என்ன? கழுத்து வரை தண்ணீர். அதில் பிளாஸ்டிக் மீன்கள். அடியில் ஒரு பேட்டரி விளக்கு. குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். குளோரிக்கு எதையும் சொல்லக் கூடாது... சர்ப்ரைஸ்.

பிரமாதம் என்றேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு நாமே பதில் சொல்லிவிடலாம் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. பெரும்பாலும் ஜோடி ஜோடியாக வந்திருந்தார்கள். அக்கா தங்கையை இழுத்துக்கொண்டு, அண்ணன் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு. அம்மாக்கள் ரொம்பக் குறைவு. வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று ஹாலைப் பார்த்துக்கொள்கிறவர் சொன்னார். முன்வரிசையில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு வாண்டு. பெயர் ஷைனி. இன்னும் ஸ்கூல் போகிற வயதுகூட ஆகவில்லை. பக்கத்தில் அவளுடைய அக்கா ஜெனிஃபர், ஒன்பது வயதிருக்கலாம், தங்கையின் கவுன் நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். என்ன பொறுப்பு பாருங்கள் என்று வெங்கட் சாரிடம் சொன்னேன்.

ஹார்பர் லைன் டிரெயினில் ஏதோ கோளாறு. குளோரி வந்து சேர நேரமாகும் என்று போன் வந்தது. குழந்தைகள் நெளிய ஆரம்பித்தார்கள். வெங்கட் சார் மைக்கைப் பிடித்தார். தமிழில் கொஞ்சம் பேசிப் பார்த்தார். பாதிப் பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்திக்கு மாறியதும் எல்லா முகமும் நிமிர்ந்தது. அவர் சொன்னது இதுதான்:

"இந்த ட்ரம்முக்குள்ள ஒரு சமுத்திரம் இருக்கு. மீன் இருக்கு. உங்க வீட்டு ட்ரம்லயும் இருக்கு. நீங்கதான் இதுவரைக்கும் மூடியத் தொறந்து பாக்கல."

தமிழில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை. ஒருத்தருக்கும் விட்டுப்போய்விடக் கூடாதே.

குழந்தைகள் மேடைக்கு முன்னால் வரிசை கட்டினார்கள். முதல் ஆள் ஷைனி. எட்டாதே என்று ஒரு ஸ்டூலும் போட்டிருந்தோம். வெங்கட் சார் மூடியை எடுத்துப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். உள்ளேயிருந்து வந்த நீல வெளிச்சம் சீலிங்கில் ஆடியது. ஷைனி ஸ்டூலில் ஒரு காலை வைத்தாள்.

அப்போதுதான் குளோரி வாசலில் வந்து நின்றார்.

யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. தோளிலிருந்த பை கீழே விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. குழந்தைகளை விலக்கிக்கொண்டு வந்து, ஷைனியைத் தூக்கி அவள் அக்காவின் கையில் கொடுத்தார். மூடியை எடுத்துப் பொருத்தினார். பிறகு நான் ஆரம்பத்தில் சொன்னேனே... அது.

கைதட்டல் அடங்கிய பிறகுதான் கவனித்தேன். அவருடைய புடவைக் கொசுவம் ஆடிக்கொண்டிருந்தது. ஹாலில் ஃபேன் ஓடவில்லை. அவருடைய கால்தான் நடுங்கிக்கொண்டிருந்தது.

"தண்ணிய கொட்டுங்க," என்றார்.

வெங்கட் சார் சிரித்தார். "ஒரு ஷோதானேம்மா. பசங்க எஞ்சாய் பண்றா."

"தண்ணிய கொட்டுங்க சார். அது வரைக்கும் நான் எறங்க மாட்டேன்."

குரல் உயரவில்லை. ஆனால் அப்படி ஒரு குரலை நான் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் கேட்டிருக்கிறேன். வெங்கட் சார் என்னைப் பார்த்தார். நான் குழந்தைகளைப் பார்த்தேன். மூடியை மறுபடி திறந்தால்தானே தண்ணீரை எடுக்க முடியும்? குழந்தைகளை வெளியே அனுப்பினால்தான் மூடியைத் திறக்கவிடுவேன் என்றார் குளோரி. சரி, எல்லாரும் வெளியே போய் பிஸ்கட்டும் ஜூஸும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பினோம். வாசலில் வாசகர் வட்டத்து நண்பர் ஒருவர் பாக்கெட்டுகளை நீட்டிக்கொண்டிருந்தார்.

வெங்கட் சார் மக்கில் மொண்டு பக்கெட்டில் ஊற்ற, நான் பக்கெட்டைக் கொண்டுபோய் பாத்ரூமில் கொட்டினேன். குளோரி ஸ்டூலில் உட்கார்ந்து ட்ரம்மின் விளிம்பைப் பிடித்தபடி இருந்தார். கோபமா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே சொல்கிறேன்.

அவர்கள் லைனில், அந்த வீட்டு வரிசையில், விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அதைப் பிடித்து வைக்க வீட்டுக்கு வீடு ஒரு ட்ரம். ஒரே அறை. ட்ரம்மை வைத்த இடம் போக மிச்சத்தில்தான் சமையல், படுக்கை எல்லாம். அம்மா செம்பூரில் வீட்டு வேலைக்குப் போவார். அப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. வீட்டில் குளோரியும், அப்போதுதான் எதையாவது பிடித்து ஏறக் கற்றுக்கொண்ட தம்பியும். பிளாஸ்டிக் மூடி ஒரு குழந்தை தள்ளினால்கூட நகர்ந்துவிடும். மூடிமேல் கல் வைக்கலாமே என்று நான் கேட்டேன்.

"கோடி வீட்டுல கல்லுதான் வச்சிருந்தாவ," என்றார் குளோரி. "அதுக்கப்புறம் எங்க லைன்ல யாரும் கல்ல நம்புறதில்ல."

பக்கெட் என் கையில் அப்படியே நின்றது. கோடி வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. 

கல்லை நம்பாமல் என்ன செய்தார்கள்? வீட்டில் இருப்பதிலேயே பெரிய பிள்ளையைத் தூக்கி மூடிமேல் உட்காரவைத்தார்கள். கையில் ஒரு பாவ் ரொட்டி, ஒரு சிலேட்டு. நான் வருகிற வரைக்கும் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அம்மா போய்விடுவார். வெளியே ஐஸ்காரர் மணி அடிப்பார். மழை பெய்யும், மற்ற பிள்ளைகள் நனைவார்கள். பேண்டு வாத்தியத்தோடு மாப்பிள்ளை போவார். எல்லாவற்றையும் திறந்த கதவு வழியாக, மேலேயிருந்தே பார்க்க வேண்டியதுதான். தம்பி கீழேயிருந்து காலைப் பிடித்து இழுப்பான். அவன் தூங்கினால்கூட இறங்க முடியாது. முழித்துவிட்டால்?

"நீங்க எழுதுனத வாசிச்சேன் மேடம். நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. ஆனா அது சிம்மாசனம் இல்ல. நான்தான் கல்லு."

தம்பி இப்போது எங்கே என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். சான்பாடாவில்தான், பக்கத்து பில்டிங்கில் நன்றாக இருக்கிறாராம். அவருக்கு இதெல்லாம் ஒன்றும் ஞாபகம் இல்லையாம். அப்படியென்றால் ஒன்றும் நடக்கவில்லையே, பின் எதற்கு இன்னும் இந்த நடுக்கம் என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி என்பது கேட்டு முடித்த பிறகுதான் உறைத்தது.

"ஒண்ணும் நடக்கக் கூடாதுன்னுதான மேடம் ஒக்காந்திருந்தேன்."

அதற்குள் வாசலில் நின்ற நண்பர் உள்ளே வந்தார். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். தலைக்கு ஒன்று என்று எடுத்து வைத்திருந்தோம், ஒன்று எப்படி மிஞ்சியது என்று தெரியவில்லை என்றார்.

நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குளோரி எழுந்துவிட்டார்.

வெளியே ஜெனிஃபர் ஒவ்வொரு பிள்ளையாகப் பிடித்து, "ஷைனி கிதர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஷைனி எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஜூஸ் வாங்க வரிசையில் நின்றபோது கவுன் நுனியை ஒரு நிமிஷம் விட்டிருக்கிறாள். கடைசியில் சுவரோரம் உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்த ஒரு குட்டிப் பெண் ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுக்காமலேயே சொன்னாள்.

"கர் கயி. மச்லி தேக்னே."

வீட்டுக்குப் போயிருக்கிறாள். மீன் பார்க்க.

குளோரி ஜெனிஃபரின் தோளைப் பிடித்தார். "ஏட்டி, வீட்டுல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. மம்மி வேலைக்குப் போயிருக்கு."

"ட்ரம் மேல யாரு இருக்கா?"

ஜெனிஃபர் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"நான்தான் இருப்பேன். இன்னைக்கு இங்க வந்துட்டேன்."

ஹாலுக்குள் ஜோடி ஜோடியாக வந்திருந்த அத்தனை குழந்தைகளும் ஒரே நேரத்தில் என் கண் முன்னால் வந்தார்கள். இத்தனை வீட்டு மூடிகளையும் நாங்கள்தான் கதை கேட்க அழைத்து வந்திருக்கிறோம். அழைத்து வந்து, உள்ளே மீன் இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறோம். இரண்டு மொழியில்.

குளோரி ஓடினார். செருப்பில்லாமல். ஜெனிஃபர் முன்னால், குளோரி அவள் பின்னால், நான் கடைசியில். ஓடி எத்தனை வருஷமாயிற்று என்று எனக்கே தெரியாது. என் முழங்காலைப் பற்றி இந்தப் பக்கத்தில் நிறையப் புலம்பியிருக்கிறேன். அன்றைக்கு அப்படி ஒரு முழங்கால் இருந்ததே ஞாபகமில்லை. ரெண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்து. தலைக்கு மேல் ஒயர், காலுக்குக் கீழே பைப். ஒருவர் தலையில் துணி மூட்டையோடு எதிரே வந்தார், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம். வீட்டுக்கு வீடு வாசலில் நீல ட்ரம். பச்சை ட்ரம். பெயின்ட் டப்பா வைத்த மூடி. செங்கல் வைத்த மூடி. மூடியே இல்லாமல் பலகை போட்டது. வரும்போதும் இதே சந்து வழியாகத்தானே வந்தேன்? ஒரு ட்ரம்கூட என் கண்ணில் படவில்லையே.

பயந்தேன். இந்தப் பத்தியில் நான் கரப்பான் பூச்சிக்குப் பயந்த கதை எழுதியிருக்கிறேன், லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதை எழுதியிருக்கிறேன். அதெல்லாம் பயமே இல்லை. நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரே ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது. அந்த மூடி என்றைக்குத் திறக்கும், அந்த மூடி என்றைக்குத் திறக்கும்... நான் எழுதிய வரிதான். மற்றவர்கள் எழுதியதாக இருந்திருந்தால் திட்டவாவது செய்திருக்கலாம்.

ஜெனிஃபர் ஒரு வாசலில் போய் நின்றாள். கதவு திறந்திருந்தது.

முதலில் தெரிந்தது இரண்டு குதிகால்கள். கவிழ்த்து வைத்த பக்கெட்டின் மேல், நுனிக்காலில் நின்ற குதிகால்கள். அப்புறம் மஞ்சள் கவுனின் பின்பக்கம். மூடி தரையில் கிடந்தது. தலை தெரியவில்லை. தோளும் தெரியவில்லை. இடுப்புக்கு மேலே எல்லாம் ட்ரம்முக்குள் இருந்தது.

ஷைனி என்று கத்த வாயைத் திறந்தேன். குளோரியின் கை என் வாயைப் பொத்தியது. அழுத்தமாக. உதடு பல்லில் பட்டு வலித்தது.

அவ்வளவு ஓட்டமாக வந்தவர் வாசற்படியில் நின்றுவிட்டார். பிறகு உள்ளே நடந்தார். ஓடவில்லை, நடந்தார். சத்தமே இல்லை. அந்த அறை சின்னது. ஆனால் அவர் அதைக் கடந்து போய்ச் சேரவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. குழந்தையின் ஒரு குதிகால் பக்கெட்டை விட்டு மேலே எழும்பியது. உள்ளே கையை இன்னும் கொஞ்சம் நீட்டுகிறாள் போலிருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சாமி பெயர் எதுவும் வாயில் வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது குளோரி தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஷைனி. பின்னாலிருந்து இடுப்பைக் கட்டித் தூக்கியிருக்கிறார். குழந்தையின் வலது கை முழங்கை வரை நனைந்திருந்தது. விடியற்காலையில் பிடித்த தண்ணீர் பாதிக்குக் கீழே போயிருந்தது. அதனால்தான் எட்டிப் பிடிக்க அத்தனை பாடு.

"மீன் இல்ல," என்றாள் ஷைனி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அங்கிள் ஜூட் போல்தா ஹை."

அங்கிள் பொய் சொல்கிறார் என்கிறாள்.  அங்கிள் மட்டும் இல்லை கண்ணே.

குளோரி அவள் கையைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். "மீன் கடல்ல இருக்கும். ட்ரம்ல தண்ணிதான் இருக்கும். வெறும் தண்ணி. பாத்தாச்சுல்ல? இனி பாக்க வேண்டாம்."

அதற்குள் ஜெனிஃபர் தரையில் கிடந்த மூடியை எடுத்தாள். யாரும் சொல்லவில்லை. ட்ரம்மின் மேல் பொருத்தி, அதே பக்கெட்டில் கால் வைத்து ஏறி, மேலே உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்த பிறகுதான் அழ ஆரம்பித்தாள். இறங்கி வா என்று கையை நீட்டினேன். வரமாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அழுகை நின்ற பிறகும் இறங்கவில்லை.

நாங்கள் அங்கேயே காத்திருந்தோம். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தார், விஷயம் தெரிந்ததும் தன் வீட்டுக்குள் ஓடினார். அவர் வீட்டு மூடி நகரும் சத்தம் எனக்குக் கேட்டது. வெங்கட் சார் எங்களைத் தேடி வழி கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.  பிறகு திரும்பி ஹாலுக்குப் போய், எல்லாக் குழந்தைகளையும் உட்காரவைத்து, நான் சொன்னது பொய், எந்த ட்ரம்மிலும் மீன் கிடையாது, யாரும் மூடியைத் தொடக் கூடாது என்று தமிழிலும் இந்தியிலும் சொல்லி, ஒவ்வொரு குழந்தையையும் வீடு வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார். வீட்டுக்குப் போன பிறகு ரத்த அழுத்தம் ஏறிவிட்டதாக அவர் மனைவி போனில் சொன்னார்.

ஷைனியின் அம்மா வேலை முடிந்து வந்தார். நடந்ததைக் குளோரிதான் சொன்னார். நான் பேசவே லாயக்கில்லாமல் ஓரமாக நின்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஷைனியின் தலைமுடிக்குள் விரல்களை விட்டு, அடி வரை தடவித் தடவிப் பார்த்தார். முடி காய்ந்திருக்கிறதா என்று. திரும்பத் திரும்ப. அப்புறம், டீ போடுகிறேன், உட்காருங்கள் என்றார். அந்த ட்ரம்மில் இருந்த தண்ணீரை மொண்டுதான் டீ போட்டார். குடித்தேன்.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது குளோரியிடம் ஒரு கேள்வி கேட்டேன். இதையெல்லாம் ஏன் ஒரு கதையாகவே எழுதவில்லை? எல்லாப் புத்தகத்திலும் ஓர் ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு ஏன் சும்மா இருக்கிறீர்கள்?

"கதைன்னா அவ எறங்கணும் அக்கா. எறங்கிட்டா அங்க யாரு இருப்பா?"

அதுவரை மேடம் என்று அழைத்துக்கொண்டிருந்தவர் அப்போதுதான் அக்கா என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய புத்தகங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மறுபடி பார்த்தேன். ராணித் தோரணை என்று நான் வர்ணித்தேனே, அந்தக் கால்மேல் கால்... அது தோரணை இல்லை. பாத்ரூம் போக முடியாமல் அடக்கிக்கொண்டிருக்கிற குழந்தையின் கால். முகத்தில் இருப்பது ஆட்சி செய்கிறவளின் அமைதி என்று எழுதியிருந்தேன். இப்போது பார்த்தால், அவள் ஊர்வலத்தையும் பார்க்கவில்லை, ஆட்டுக்குட்டியையும் பார்க்கவில்லை. கீழே பார்க்கிறாள். அவள் பார்க்கிற இடத்தில், ட்ரம்மின் ஓரத்தில், பக்கம் முடிகிற விளிம்பில், சின்னதாக ஏதோ தெரியும். வண்ணம் சிந்திவிட்டது என்று நினைத்திருந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அது விரல்கள். மூடியைப் பிடித்திருக்கிற ஒரு குட்டிக் கையின் விரல்கள். எல்லாப் புத்தகத்திலும் இருந்தன.

குழந்தைப் பருவத்தில் குறியீடு தேடுகிறவர்களைப் பற்றி எனக்கு இப்போது ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. நாங்கள் எல்லாரும் குழாயில் தண்ணீர் வந்த வீட்டில் வளர்ந்தவர்களோ? பயமில்லாமல் வளர்ந்தவர்களுக்கு ட்ரம்மில் கருவறை தெரியும், கல்வி முறை தெரியும், கடல்கூடத் தெரியும். பயந்து வளர்ந்தவர்களுக்கு அதில் தண்ணீர் தெரிகிறது.

புத்தகங்களை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனேன். சாயங்காலம். கீழே எங்கள் சொசைட்டி காம்பவுண்டில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து போடுகிற பையன் ஓடி வந்து ஒரு இரும்புத் தகட்டின் மேல் கால் வைத்துப் போடுகிறான். டங் என்று ஒரு சத்தம். இத்தனை வருஷமாக மத்தியானத் தூக்கத்தைக் கெடுக்கிற சத்தம் என்று மட்டும்தான் அதை எனக்குத் தெரியும். பில்டிங் முழுக்கக் குடிக்கிற தண்ணீருக்கான தரைத் தொட்டியின் மூடி அது. எவ்வளவு ஆழம்? யாரையும் நான் கேட்டதில்லை.

படியிறங்கிப் போனேன். தகட்டைக் குனிந்து பார்த்தேன். கனமான தகடு. பெரிய பூட்டு. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திரும்பி மேலே போயிருக்கலாம். போகவில்லை. அதன் மேல் உட்கார்ந்தேன்.

ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளுங்கள், இது எங்கள் பிட்ச் என்று பிள்ளைகள் கெஞ்சினார்கள். அந்தப் பக்கம் போய் ஆடுங்கள் என்றேன். வாட்ச்மேன் சேரை விட்டு எழுந்து வந்தார். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்றேன். அவர் தகட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம், தாலா லகா ஹை."

பூட்டுப் போட்டிருக்கிறது என்கிறார். தெரியும் என்றேன். கடைசிக் குழந்தை வீட்டுக்குப் போகிற வரை எழுந்திருக்கவில்லை.